ஜாக்கியின் வேலைக்கு யார் பொறுப்பு?

குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்யும் ஜாக்கிகளுள் பெரும்பாலோர், அன்றன்று அழைக்கும் பயிற்சியாளருக்காக, ஒரு சவாரிக்கு இவ்வளவு என்ற கட்டணத்துக்கும், வென்றால் பரிசுத் தொகையில் கிடைக்கும் பங்குக்கும் குதிரை ஏறுபவர்கள். வெகு சிலருக்கு மட்டும், ஒரே உரிமையாளரிடம் ஆண்டுத் தொகை பெற்றுக்கொண்டு, அவருடைய குதிரை ஓடும் பந்தயத்தில் பிறர் குதிரையில் ஏறுவதில்லை என்ற உடன்பாட்டோடு வேலை வாய்க்கிறது. இதனையே பந்தய வட்டாரத்தில் ‘ரீடெய்னர்’ என்பர். அப்ரெண்டிஸ் எனப்படும் பயிற்சிக் காலத்தில் கிடைத்த எடைச் சலுகை, குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெற்றி பெற்றதும் நின்றுபோகுமாதலால், மூத்த ஜாக்கிகளோடு சம எடையில் மோத வேண்டிய இளைஞர் ஒருவருக்கு இத்தகைய வேலை பெரும் பற்றுக்கோடு. ஆனால் அது எவ்வளவு எளிதாகக் கைநழுவும் என்பதற்கு அயர்லாந்தின் பிரையன் கூப்பர் தெளிவான சான்று.

கெர்ரி மாவட்டத்தைச் சேர்ந்த கூப்பர், பயிற்சியாளர் ஒருவரின் மகன்; 2013ஆம் ஆண்டு செல்ட்டன்ஹாம் விழாவில் மூன்று பந்தயங்களை வென்று கவனம் பெற்றார். அடுத்த ஜனவரியிலேயே, ரயன்ஏர் விமான நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மைக்கேல் ஓ’லியரியின் கிகின்ஸ்டவுன் குதிரைகளுக்கு முதன்மை ஜாக்கியானார். அந்த இடம் காலியான விதமே ஓர் எச்சரிக்கைதான்: முன்னவரான டேவி ரஸ்ஸல், 2013 டிசம்பர் 31 அன்று, பஞ்சஸ்டவுன் திடலில் உரிமையாளரோடு ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரத்துக்குள் வேலையை இழந்திருந்தார்.

முதன்மை ஜாக்கியின் உரிமைகளுள் தலையாயது தேர்வுரிமை. ஒரே உரிமையாளரின் குதிரைகள் பல ஒரு பந்தயத்தில் ஓடும்போது எதில் ஏறுவது என்பதை முதலில் அவர் முடிவு செய்வார். அனைவரும் ஒரே நிறச் சட்டை அணிவதால், அவர் விட்டுவிட்ட குதிரைகளில் ஏறுபவர்கள் வேறு நிறத் தொப்பி அணிந்து அடையாளம் காட்டுவர். 2016 மார்ச்சில் செல்ட்டன்ஹாம் கோல்டு கப் பந்தயத்தில் கூப்பர் டான் காஸக் என்ற குதிரையைத் தேர்ந்தெடுத்து வென்றார். தடை தாண்டும் பந்தயங்களில் அதனினும் பெருமை வாய்ந்த வெற்றி அரிது; 2014இல் அதே விழாவில் விழுந்து கால் முறிந்த இளைஞர் அவர் என்பதையும் மறக்கலாகாது. அவ்வெற்றிக்குப் பின் பதினாறு மாதங்கள்கூட நிறைவதற்குள், 2017 ஜூலையில், 24 வயதில், அவருடைய ரீடெய்னர் முடித்துக்கொள்ளப்பட்டது. விதிமீறல் என்று எக்குற்றமும் சாட்டப்படவில்லை. டேவி ரஸ்ஸலாவது பின்னர் அதே உரிமையாளரின் டைகர் ரோல் குதிரையில் 2018, 2019 ஆண்டுகளின் கிராண்ட் நேஷனல் பந்தயங்களை வென்றார். கூப்பரோ 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முப்பது வயதில், சவாரியையே விட்டு விலகினார்.

குதிரைக்குச் செலவழிப்பவர் தமக்கு வேண்டிய ஜாக்கியைத் தேர்ந்துகொள்வது நியாயமே. பயிற்சிக் கட்டணத்தை உயர்த்தியதற்காக, வில்லி மல்லின்ஸ் போன்ற பெரும் பயிற்சியாளரிடமிருந்தே 2016இல் 60 குதிரைகளை அகற்றியது கிகின்ஸ்டவுன். உரிமையாளருக்கு அந்த உரிமை உண்டா என்பதைவிட, அந்த முடிவின் சுமை முழுவதும் ஜாக்கியின் தோளிலேயே விழ வேண்டுமா என்பதே கேட்கப்பட வேண்டியது.

இக்கேள்வி தமிழ் வாசகருக்கு அயலானதன்று. 1986இல் தமிழக அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றியபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996 ஜனவரி 12 அன்று அந்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கி, குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, சூதாட்டமன்று என்று தீர்ப்பளித்தது. பயிற்சியால் குதிரை பெறும் வேகத்தோடு ஜாக்கியின் சவாரித் தேர்ச்சியையும் நீதிமன்றம் அத்தீர்ப்பில் கருத்தில் கொண்டது. ஜாக்கியின் திறமையும் சேர்ந்தே பந்தயத்துக்குச் சட்டத் தகுதியைப் பெற்றுத் தந்திருக்க, அந்தத் திறமைக்கு உரியவருக்கு வேலைப் பாதுகாப்பு இல்லை என்பது வருந்தத்தக்க முரண்.

மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் கிண்டித் திடலிலிருந்து வடக்கே, திருப்பதி மாவட்டத்தின் சத்தியவேடு பகுதியில் அமைந்த ஸ்ரீ சிட்டி தொழில் நகரத்தை இங்கு ஒப்பிடலாம். அங்கே ஓர் ஆலையில் ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்ய, குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தந்து, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் வழங்க வேண்டும் என்பது தொழில் தகராறுச் சட்டம் வகுத்த நெறி. கிளப் வழங்கும் உரிமத்தோடு தொழில் செய்யும் ஜாக்கியோ, ஊழியர் என்ற வரையறைக்குள் எளிதில் அடங்காத, தம் உடலையே முதலாக வைத்து உழைக்கும் தனி மனிதர்.

2024 செப்டம்பரில், 1945இல் 99 ஆண்டுகளுக்கு விடப்பட்டிருந்த கிண்டி நிலத்தின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தபோது, பேச்செல்லாம் 160 ஏக்கரையும் 730 கோடி ரூபாய் வாடகை நிலுவையையும் பற்றியே இருந்தது. அத்திடலை நம்பிய ஜாக்கிகளும் லாயப் பணியாளர்களும் அந்தக் கணக்கில் பெரிதாக இடம்பெறவில்லை. நாட்டின் பந்தய அமைப்புகள் இனியேனும் ஒன்றைச் செய்ய முன்வர வேண்டும்: ஒவ்வொரு ரீடெய்னர் உடன்பாட்டையும் எழுத்தில் பெற்று, முன்னறிவிப்புக் காலமும், இடையில் முடித்துக்கொண்டால் தர வேண்டிய தொகையும், காயமுற்ற காலத்து ஊதியமும் அதில் இல்லையெனில் அதனை ஏற்க மறுக்க வேண்டும்.