சுடாத துப்பாக்கி தரும் சாட்சியம்

கடலுக்குள் விழும் ஒளி சில நூறு மீட்டர் ஆழத்திற்குள் ஏறத்தாழ முற்றிலும் மங்கிவிடுகிறது. ஒலியோ நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான விரைவில், குறைந்த இழப்புடன் நெடுந்தொலைவு செல்கிறது. ஆகவேதான் திமிங்கலங்களின் வாழ்வில் கண்ணைவிடக் காது முதன்மை பெற்றது. பல்லுள்ள திமிங்கலங்கள் சொடுக்கொலிகளை எழுப்பி, அவற்றின் எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டறிகின்றன. பற்களுக்குப் பதிலாகச் சீப்புப் போன்ற தகடுகளால் இரையை வடிகட்டி உண்ணும் நீலத் திமிங்கலம், கூன்முதுகுத் திமிங்கலம் போன்றவை தாழ்ந்த குரலில் தொலைவிலுள்ள தம் இனத்தோடு தொடர்பு கொள்கின்றன. கப்பல்களின் சுழலிகள் எழுப்பும் இரைச்சலும் பெரும்பாலும் இதே தாழ்ந்த அதிர்வெண்களிலேயே அமைந்துள்ளது. கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் ஓரிடத்தில் 1960-களின் நடுவில் பதிவான கடலடி ஒலியை 2003–04-இல் அதே இடத்தில் பதிவானவற்றோடு ஒப்பிட்ட ஆய்வு, 30 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் கூடியிருப்பதைக் காட்டியது.

இரைச்சல் கூடியிருக்கிறது என்பதை ஒரு நீரொலி வாங்கியைக் கடலில் இறக்கி அறிந்துவிடலாம். அந்த இரைச்சலால் திமிங்கலத்தின் நடத்தை மாறுகிறதா என்பதை அறிவதோ கடினமானது. வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கடியில் கழிக்கும் இவ்விலங்கு, பசி, துணை தேடல், கன்றின் களைப்பு, நீரோட்டம் எனப் பல காரணங்களால் இயல்பாகவே திசை மாறும், வேகம் குறையும், ஆழம் செல்லும். ஒரு கப்பல் நெருங்கியபோது திமிங்கலம் விலகியது என்றால், கப்பல் வராதிருந்தாலும் அது விலகியிருக்குமா என்ற வினாவுக்கு விடை தெரிந்தாக வேண்டும். எனவே இரைச்சலின் விளைவை அளக்க முற்படுவோர் முதலில் இரைச்சலற்ற நேரத்தை அளக்கக் கடமைப்பட்டவர்கள். இத்துறையின் சிறந்த ஆய்வுகள் அனைத்தும் இந்த ஒரு நெறியின் மீதே நிற்கின்றன.

நீரின் டெசிபல் வேறு

அளவீட்டைப் பற்றிப் பேசும் முன் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். டெசிபல் என்பது மீட்டர், கிலோ போலத் தனித்து நிற்கும் அலகன்று. ஓர் ஒலி, முன்னரே வகுக்கப்பட்ட ஓர் அடிப்படை அளவைவிட எத்தனை மடங்கு என்பதைக் கூறும் ஒப்பளவு. காற்றில் அந்த அடிப்படை 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தம். நீரில் அது 1 மைக்ரோபாஸ்கல். நீர், காற்றைவிட மிக அடர்த்தியானது என்பதால் ஒரே அழுத்தம் இரண்டிலும் ஒரே ஒலிச்செறிவைத் தருவதுமில்லை. இவ்விரு வேறுபாடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், நீரில் 160 டெசிபல் என்பது காற்றில் சுமார் 98 டெசிபலுக்கு இணையான செறிவாகும். அதோடு, ஒலி புறப்படும் இடத்தில் உள்ள அளவையும் அது திமிங்கலத்தின் உடலை வந்தடையும் அளவையும் பிரித்தறிவது இன்றியமையாதது. கடலின் ஆழம், வெப்பநிலை அடுக்குகள், தரையின் தன்மை ஆகியவற்றால் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும்.

பெரிஜியன் கடற்கரையின் சோதனை

கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் நில அதிர்வு ஆய்வில், உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்றைத் திடீரென நீருக்குள் விடுவிக்கும் காற்றழுத்தத் துப்பாக்கிகளைக் கப்பல்கள் இழுத்துச் செல்கின்றன; சில நொடிகளுக்கு ஒருமுறை எழும் அவ்வெடிப்பொலி கடல்தரையைத் துளைத்துச் சென்று, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புகிறது. இவ்வொலி கூன்முதுகுத் திமிங்கலங்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறிய, மைக்கேல் நோவாட், டக்ளஸ் கேட்டோ, ரெபெக்கா டன்லப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவில் ஒரு தொடர் சோதனையை நடத்தினர். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பெரிஜியன் கடற்கரை அதன் முதன்மைக் களமாயிற்று. வெப்பமண்டலக் கடலில் கன்று ஈன்ற திமிங்கலங்கள் அண்டார்டிக் கடலை நோக்கித் தெற்கே வலசை செல்லும் வழி அது.

கரையோரத்து எமு மலை என்ற சிறு குன்றின் மேலிருந்து, தியோடலைட் எனப்படும் கோணமளக்கும் கருவியால் ஆய்வாளர்கள் திமிங்கலங்களைத் தொடர்ந்தனர். குன்றின் உயரம் தெரிந்திருப்பதால், மேலெழும் திமிங்கலத்தை நோக்கிக் கருவி எத்திசையில் திரும்பி எவ்வளவு சாய்கிறது என்பதிலிருந்து அது இருக்கும் இடத்தைக் கணக்கிடலாம். கடலில் மிதவைகளோடு பொருத்தப்பட்ட நீரொலி வாங்கிகள், ஒரே குரல் வெவ்வேறு வாங்கிகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு, குரலெழுப்பும் திமிங்கலத்தின் இடத்தைக் காட்டின. படகுகளிலிருந்தும் சிலர் கூட்டங்களைப் பின்தொடர்ந்தனர்.

இச்சோதனையின் உயிர்நாடி அதன் ஒப்பீட்டு ஓட்டங்களில் இருந்தது. சில நாள்களில் கப்பல் துப்பாக்கிகளைச் சுட்டவாறு சென்றது. வேறு சில நாள்களில் அதே கப்பல் அதே துப்பாக்கிகளை இழுத்தபடி, ஒருமுறைகூடச் சுடாமல் சென்றது. ஒவ்வோர் ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் திமிங்கலங்களின் இயல்பான போக்கு பதிவு செய்யப்பட்டது. விளைவு ஆய்வாளர்களுக்கு நல்ல பாடமாயிற்று: துப்பாக்கி சுடாதபோதும் கப்பலின் வருகைக்கே திமிங்கலங்கள் ஓரளவு எதிர்வினை காட்டின. ஒப்பீட்டு ஓட்டம் இல்லாதிருந்தால் அந்த மாற்றம் முழுவதும் வெடிப்பொலியின் கணக்கில் சேர்ந்திருக்கும். அதைக் கழித்த பின்னரே உண்மையான எல்லை புலப்பட்டது: துப்பாக்கிகள் 3 கிலோமீட்டருக்குள் இருந்து, ஒவ்வொரு வெடிப்பிலும் வந்தடையும் மொத்த ஒலியாற்றலைக் குறிக்கும் அளவு 140 டெசிபலைத் தாண்டியபோது திமிங்கலங்கள் விலகிச் செல்லும் வாய்ப்பு கூடியது. தொலைவு, ஒலி ஆகிய இரண்டும் சேர்ந்தே இம்முடிவைத் தந்தன. 2014-இல் வணிக அளவிலான முழுத் துப்பாக்கித் தொகுதியைப் பயன்படுத்தியபோது திமிங்கலங்களின் தெற்கு நோக்கிய பயணம் மந்தமாயிற்று. ஆயினும் அம்மாற்றங்கள் அவற்றின் இயல்பான நடத்தையின் எல்லைக்குள்ளேயே இருந்தன.

அதே கடற்பகுதியில் டன்லப் கண்ட மற்றொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. காற்று வலுத்து அலையொலி மிகும்போது இத்திமிங்கலங்கள் தம் குரலை உயர்த்தி ஈடுசெய்கின்றன. கப்பல் இரைச்சல் மிகும்போது அவ்வாறு உயர்த்துவதில்லை. காற்றின் ஓசையோடு இவ்வினம் நெடுங்காலம் பழகியிருக்க, சுழலியின் ஓசை கடந்த இரு நூற்றாண்டுகளுக்குள்தான் அதன் உலகில் நுழைந்தது.

உடலோடு ஒட்டிய கருவி

மேற்பரப்பிலிருந்து காண முடியாததைக் காண்பதற்கு, அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் மார்க் ஜான்சனும் பீட்டர் டையாக்கும் உருவாக்கிய பதிவுக்கருவி உதவியது. உறிஞ்சு கிண்ணங்களால் திமிங்கலத்தின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் இக்கருவி, அது கேட்கும் ஒலியையும் மூழ்கும் ஆழத்தையும் உடலின் சாய்வையும் வால் வீச்சையும் ஒருங்கே பதிவுசெய்து, சில மணி நேரத்தில் தானே கழன்று மிதக்கும். தென் கலிஃபோர்னியாவில் இத்தகைய கருவி பொருத்திய நீலத் திமிங்கலங்களுக்குக் கடற்படை சோனாரைப் போன்ற ஒலி கேட்கும்படி செய்யப்பட்டது. ஒலித்துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியால் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் முறையே சோனார். 2013-இல் வெளியான முடிவுகளின்படி, மேற்பரப்பில் இரை தின்றவை பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ஆழத்தில் தின்றுகொண்டிருந்தவையோ உண்பதை நிறுத்தி விலகின. அவற்றுள் ஒன்று ஒரு மணி நேரத்திற்கு உணவை நிறுத்தியதால், ஏறத்தாழ ஒரு டன் கிரில் எனும் இறால் போன்ற சிறு இரையை இழந்திருக்கும் என்று கணக்கிடப்பட்டது. ஒரே ஒலி, ஒரே இனம், ஆனால் செய்துகொண்டிருந்த வேலையைப் பொறுத்து விளைவு மாறியது.

மிக ஆழம் மூழ்கும் அலகுத் திமிங்கலங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2002 செப்டம்பரில், சோனார் பயன்படுத்தப்பட்ட கடற்படைப் பயிற்சி ஒன்றை அடுத்து, கேனரி தீவுகளில் 14 அலகுத் திமிங்கலங்கள் கரையொதுங்கின. அவற்றின் திசுக்களில் வாயுக்குமிழிகளால் நேர்ந்த சிதைவுகள் காணப்பட்டன. 2004-இல் ஸ்பெயின் அத்தீவுகளைச் சுற்றிச் சோனாருக்குத் தடை விதித்தது. அதன் பின்னான பத்தாண்டுகளுக்கு அங்கே அத்தகைய கூட்டக் கரையொதுங்கல் நிகழவில்லை. அத்தடையும் ஒரு வகையில் சுடாத துப்பாக்கியின் சாட்சியமே.

எதிர்பாராத அமைதி

எவரும் திட்டமிடாத அமைதி ஒன்றும் அறிவியலுக்குச் சான்று தந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வட அமெரிக்கக் கரையோரத்தில் கப்பல் போக்குவரத்து குறைந்தபோது, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கடலடி இரைச்சல் 6 டெசிபல் தாழ்ந்தது. ஒலியழுத்தம் ஏறத்தாழப் பாதியாயிற்று என்பது இதன் பொருள். அழிவின் விளிம்பிலுள்ள ரைட் திமிங்கலங்களின் மிதக்கும் சாணத்தை அங்கே ரோசலிண்ட் ரோலண்ட் குழுவினர் சேகரித்துவந்தனர். மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் ஹார்மோன்களின் எச்சம் அச்சாணத்தில் குறைந்திருப்பதையும், அடுத்தடுத்த ஆண்டுகளின் அதே பருவத்தில் அக்குறைவு காணப்படாததையும் அவர்கள் 2012-இல் வெளியிட்டனர். வெளிப்பார்வைக்கு இயல்பாக நீந்தும் திமிங்கலமும் உள்ளூர அழுத்தத்தைச் சுமக்கக்கூடும் என்பதை, ஆண்டு முழுதும் ஒலித்துக்கொண்டிருந்த இரைச்சல் சில நாள் ஓய்ந்தபோதுதான் மனிதர் அறிந்தனர்.

நெகிழியைப் போலவோ எண்ணெய்க் கசிவைப் போலவோ இரைச்சல் கடலில் தேங்குவதில்லை. மூலம் நின்றதும் அதுவும் மறையும். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலுள்ள ஹாரோ நீரிணையில், அங்கே குறைந்துவரும் கொலைகாரத் திமிங்கலங்களின் பொருட்டு 2017-இல் கப்பல்கள் தாமே முன்வந்து வேகத்தை மணிக்கு 11 கடல்மைல் அளவுக்குக் குறைத்தபோது, இரைச்சலும் குறைந்தது. இலங்கையின் தெற்கே தெய்வந்துறை முனையருகே, நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் கடலை ஊடறுத்து உலகின் நெரிசல் மிக்க கப்பல் வழிகளுள் ஒன்று செல்கிறது. அங்கும் கப்பல்களைத் திமிங்கலங்களோடு மோதாதவாறு தெற்கே நகர்த்தும் முயற்சிக்கு ஒரு பெரும் கப்பல் நிறுவனம் 2022-இல் முன்வந்தது. எந்தக் கடலிலும் புதிய வழியோ புதிய எண்ணெய்த் தேடலோ தொடங்கும் முன், அக்கடல் அமைதியாக இருந்த நாள்களின் பதிவு முதலில் கையில் இருக்க வேண்டும். அப்பதிவின்றி இரைச்சலைத் தொடங்கிவிட்டால், திமிங்கலம் எதை இழந்தது என்று பின்னர் கேட்பதற்கும் வழியிராது.