புளியந்தீவில் பந்து துள்ளும் நேரம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜென்னிங்ஸ் என்றொரு சிற்றூர். அந்த மாநிலத்தில் சனிக்கிழமை வந்தால் ஊரெல்லாம் கல்லூரி ஃபுட்பால் பேச்சுத்தான். நம் உதைபந்தாட்டம் அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, தலைக்கவசத்தோடு மோதி ஓடுகிற ஆட்டம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,00,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஜென்னிங்ஸில் 1923-இல் பிறந்த யூஜின் ஹேபர்ட், இயேசு சபைத் துறவியாகி 1948-இல் இலங்கைக்கு வந்தார். முதலில் திருகோணமலை, பிறகு மட்டக்களப்பு. ஃபுட்பால் நாட்டிலிருந்து வந்தவர் கிழக்கின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததோ கூடைப்பந்தாட்டம்.

அவர் பிறந்த மண்ணில் இன்று ஃபுட்பாலுக்கு ஆள் சேர்ப்பது ஒரு பெருந்தொழில். 15, 16 வயதுப் பிள்ளைகள் ஆடும் காணொளிகளைப் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள் சலித்துப் பார்க்கிறார்கள். மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வரை நட்சத்திரம் போடுகின்றன. பயிற்றுவிப்பாளர் வீடு தேடிப்போய்த் தாய் தகப்பனோடு பேசுகிறார். சம்மதித்தவர்கள் பெரும்பாலும் டிசம்பரில் கையெழுத்து வைக்கிறார்கள். 2018-இல் வந்த இடமாற்றப் பதிவேட்டால் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது எளிதாயிற்று. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் பெறலாம். 2025-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. ஓர் ஃபுட்பால் அணியில் 105 பேர் வரை இருக்கலாம்.

மட்டக்களப்பில் கல்லூரி என்றால் பாடசாலை. வாவி சூழ்ந்த புளியந்தீவில் 1873-இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்கு நட்சத்திரம் போட்டு ஆள் பிடிக்கும் வசதி இருந்ததில்லை. வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் யார் நெடுநெடுவென்று வளருகிறான், யார் குட்டையாக இருந்தும் கை வேகமாய் இருக்கிறான் என்று பார்த்துப் பொறுக்க வேண்டியதுதான். இங்கே ஆட்டக்காரர் கிடைப்பதில்லை, உருவாக்கப்படுகிறார். இந்த ஊர் விளையாட்டின் பெருமையும் அதுதான், பாரமும் அதுதான்.

கூடைப்பந்தாட்டம் அந்த நிலைமைக்குப் பொருத்தமாக அமைந்தது. 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலத்தில் ஒரு தளம் போதும். இடம் குறுகிய தீவில் அதை எப்படியும் ஒதுக்கிவிடலாம். களத்தில் ஐந்து பேர். நல்ல ஐந்து பேரும் அவர்களுக்குத் தோள்கொடுக்க இன்னும் ஐந்தாறு பேரும் இருந்தால், ஒரு சிறிய பாடசாலை பெரிய நகரத்துப் பாடசாலையை எதிர்த்து நிற்கலாம். ஹேபர்ட் பாதர் கூடைப்பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த புனித மிக்கேல் கல்லூரியின் பெயர் கொழும்பு வரை போனது அப்படித்தான்.

பயிற்சிக்கு அடிப்படைத் தேவை நேரம். பாடசாலை விட்டதும் வீட்டுக்கு ஓடி, சாப்பிட்டு, பின்னேரம் தளத்துக்குத் திரும்பக்கூடிய பிள்ளைதான் அணியில் நிலைக்க முடியும். நகரத்துப் பிள்ளைக்கு அது முடியும். வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருக்கும் பிள்ளைக்கு? மண்முனைப் பாலம் 2014-இல் திறக்கப்படும்வரை அங்கே துறையைக் கடக்கப் பாதை என்னும் மிதவைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டிவிடும். உயரமும் வேகமும் உள்ள எத்தனையோ பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமலே போனதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். திறமையைத் தேடுகிறோம் என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை.

இன்று பின்னேரத்துக்கு இன்னொரு போட்டியும் வந்துவிட்டது, டியூஷன். சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்கத் தளம் வெறிச்சோடும். பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. விளையாட்டில் முன்னுக்கு வந்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் அவர்களுக்கு விளங்கப்படுத்துவதில்லை. தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்து உயர்தரத்திலும் சித்தியடைந்தவர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் விசேட அனுமதி உண்டு. முப்படை அணிகளும் கொழும்பின் வர்த்தக நிறுவனங்களின் அணிகளும் நல்ல ஆட்டக்காரருக்கு வேலை கொடுக்கின்றன. இந்தச் செய்தி எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

பாடசாலைப் போட்டிகள் வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாக ஏறும். கடைசிப் படி கொழும்பில் நடந்தால் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். பஸ் கூலி, சாப்பாடு, சப்பாத்து எல்லாவற்றுக்கும் உடற்கல்வி ஆசிரியர் பழைய மாணவர்களைத்தான் நாடுவார். அங்கே நன்றாக ஆடிய பிள்ளையைத் தலைநகரப் பாடசாலைகள் கவனிக்கும். உயர்தரம் படிக்க இடம், தங்க விடுதி என்று அழைப்பு வரும். போகிற பிள்ளைக்கு அது நல்லதுதான். ஆனால் ஆறு வருடம் மெனக்கெட்டு வளர்த்த அணியில் ஒருவர் குறைந்தாலே ஐந்தில் ஒன்று போய்விடும். 105 பேர் உள்ள அமெரிக்க அணி அப்படி ஓர் இழப்பைத் தாங்கிக்கொள்ளும்.

அமெரிக்க ஃபுட்பாலில் நெடுங்காலமாக ஒரு நல்ல வழக்கம். புதிதாகச் சேர்ந்த பலரை முதல் வருடம் களமிறக்காமல், உடம்பையும் ஆட்ட அறிவையும் வளர்க்க விடுவார்கள். ஐந்து வருடத்தில் நான்கு பருவம் ஆடினால் போதும் என்று நெடுங்காலம் இருந்த விதி அதற்கு இடம் கொடுத்தது. மட்டக்களப்பில் அப்படி எழுதிய விதி கிடையாது. பிள்ளையைப் பொறுமையோடு காத்திருக்க வைக்க, ஒரே பயிற்றுவிப்பாளர் பல வருடம் நிலைத்து நிற்க வேண்டும். நேற்றுப் பந்து பொறுக்கிப்போட்ட சின்னப் பிள்ளை நாளை தலைவனாவான் என்று அவருக்குத்தான் தெரியும். ஹேபர்ட் பாதர் வந்து 40 வருடத்துக்கும் மேல் ஆகியும் கிழக்கிலேயே இருந்தார்.

அது நின்ற நாள் 1990 ஆகஸ்ட் 15. இரண்டு மாதங்களுக்கு முன் இலங்கையின் உள்நாட்டு யுத்தம் மீண்டும் மூண்டிருந்தது. வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹேபர்ட் பாதரும் உடன் வந்த தமிழ் இளைஞரும் ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமற்போனார்கள். பாதருக்கு அப்போது 66 வயது. இருவரும் இன்றுவரை கிடைக்கவில்லை. பாதரோடு 1948-இல் வந்த பென் மில்லர் பாதர், காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்குத் துணையாக நின்று, 2019 ஜனவரி முதலாம் திகதி மட்டக்களப்பிலேயே கண்மூடினார்.

புனித மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவர்கள் கூடைப்பந்தாடும் கழகத்துக்கு மைக்கேல்மென் என்று பெயர். வேலை முடிந்து, சேட்டைக் கழற்றிவிட்டுத் தளத்தில் இறங்கும் 30 வயதுக்காரரை, கூடைக்குக் கீழே தன் உடம்பால் மறித்துப் பழகும் 16 வயதுப் பிள்ளைக்கு வேறு முகாம் தேவையில்லை. அந்தத் தளத்துக்கு நல்ல வெளிச்சமும், ஆட்டம் முடிந்தபின் படுவான்கரைக்கு ஒரு பஸ்ஸும் இருந்தால், அணிக்குப் பெயர் எழுதும்போது வாவியின் இரு கரைப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள்.