கையும் கரடும்

வழவழப்பை அழகென்றும் கரடுமுரடைக் குறையென்றும் கொள்வது கண்ணின் வழக்கம். கையின் தீர்ப்போ வேறு. வியர்த்த கைக்கும் மழையில் நனைந்த கைக்கும் வழவழப்பே பகை. இதனை அறிய விரும்புவோர், அமெரிக்க வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளரும் தம் துவக்கின் சோங்குக்குச் செய்யும் ஒரு வேலையை நோக்கலாம். துவக்கு என்றதும் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இதனைக் கையைப் பற்றிய கட்டுரையாகவே கொண்டு வாசிப்பாராக.

கரடு தேடிய கை மிகப் பழையது. ஜப்பானிய வாளின் பிடியிலே பட்டுநாடாவின் கீழ் இருப்பது திருக்கைத் தோல். அத்தோலின் மணிகள் பல்லைப் போன்ற ஆக்கமுடையன. ஆதலின் தேய்வது அரிது. ஐரோப்பியத் துவக்குக் கம்மியரோ வால்நட் மரச் சோங்கையே செதுக்கினர். அங்குலத்துக்குப் பதினெட்டு முதல் இருபத்துநான்கு வரையான சாய்கோடுகளை ஒன்றையொன்று வெட்டுமாறு கீறினால், இடையே வைர வடிவான சிறு கூம்புகள் எஞ்சும். உள்ளங்கை அவற்றைக் கவ்விக்கொள்ளும். ஒரு கோடு எல்லை தாண்டி ஓடினால் அதை மறைக்க வழியில்லை. பல நாட் பாடு பாழாகும்.

மரத்துக்கு வேறொரு குறையும் உண்டு. 1966இல் அமெரிக்க மரீன் படையினர் வியட்நாமுக்குக் கொண்டுசென்ற எம்-40 றைபிள்களின் மரச் சோங்குகள், அந்நாட்டு ஈரத்தை உண்டு பருத்து வளைந்தன. வளைந்த மரம் இரும்பை நெருக்கவே குறி பிசகிற்று. 1970களில் எம்-40ஏ1 கண்ணாடியிழைச் சோங்குடன் வந்தது. அது பருப்பதில்லை, ஆனால் அதன் ஓட்டிலே உளி வைத்துக் கோடு கீறுவது ஆகாத காரியம். இனி, கரட்டைக் குடைந்தெடுக்க இயலாது. மேலே ஏற்றவே வேண்டும். ஏற்றுவதற்கு எப்பொக்சிப் பசை இருந்தது. சுவிற்சர்லாந்திலே பியர் காஸ்தான் 1930களில் ஆய்ந்து கண்ட அப்பொருளை, ‘அரல்டைற்று’ என்னும் பெயரில் சீபா நிறுவனம் 1946இல் வெளியிட்டது.

செய்முறை எளிதுபோலத் தோன்றும். பிடிக்கும் இடத்தை அரத்தாளால் தேய்த்து, நெய்ப்பசையைத் துடைத்து, எல்லையிலே ஒட்டுநாடா ஒட்டுவர். ஆளியெண்ணெய் ஊறிய பழைய மரத்திலே பசை பற்றாது என்பதைப் பலர் பட்டபின்பே அறிகின்றனர். பிசினையும் இறுக்கியையும் குறித்த அளவிற் கலக்க வேண்டும்; சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும். கலவை தானே வெப்பத்தைப் பிறப்பிக்கும். கிண்ணத்திலே குவிந்து கிடந்தால் அவ்வெப்பமே அதை விரைந்து இறுகச் செய்துவிடும். கையுறையும் அவசியம்; இறுக்கி தோலுக்கு ஒவ்வாது. கைக்காகச் செய்யும் வேலையைக் கை தீண்டலாகாது என்பது வேடிக்கைதான்.

மெல்லிதாகப் பூசியபின் வருவது காத்திருத்தல். நம் அடுக்களையிற் பாகு காய்ச்சுவோர் ‘பதம்’ என்பரே, அதுவே இங்கும் வேண்டுவது. பதம் வருமுன் கடற்பஞ்சால் ஒற்றி எடுத்தால், எழுந்த முகடுகள் அமிழ்ந்து மீண்டும் வழவழப்பாகும். பதம் தப்பினால் பசை பஞ்சோடு இழுபட்டுக் கிழியும். இடைப்பட்ட சில நிமிடங்களிலே ஒற்றினால்தான் நுண்முகடுகள் நிமிர்ந்து நிற்கும். அறையின் வெப்பத்துக்கேற்ப அந்நிமிடங்கள் முந்தும், பிந்தும். கடிகாரத்தை நம்புவோர் ஏமாறுவர். முற்றும் இறுகுமுன் நாடாவை உரித்துவிட்டு, மறுநாள் மிகக் கூரிய முனைகளை மட்டும் மெல்லத் தேய்ப்பர். கன்னம் படியும் இடத்தைத் தொடாது விடுவர். கைக்கு உதவும் கரடு கன்னத்தைக் கீறுமன்றோ!

கண்ணாடியிழைச் சோங்குக்கு இவ்வலங்காரம் தகும். பழைய வால்நட் சோங்குக்குப் பூசுவோரைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இறுகிய எப்பொக்சி மீண்டும் உருகுவதில்லை. அகற்ற வேண்டின் மரத்தோடு சேர்த்தே சுரண்ட வேண்டும். ஒரு கம்மியன் கீறிய கோடுகளும், மரம் தன் ஆயுளிலே வரைந்த வரிகளும் அதனோடு போகும். பிடி வேண்டுமென்போர் புதிய சோங்கொன்றை வாங்கி அதிலே பூசட்டும். பழையது எண்ணெய் மணத்தோடு அலுமாரியில் இருக்கட்டும்.