கணக்குப் படிக்க புடாபெஸ்டுக்கு

அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறார்கள் என்றால், மொழி, வரலாறு, கலை படிக்கத்தான் என்று தோன்றும். கணக்கு எங்கே படித்தாலும் கணக்குதானே, அதற்கு எதற்கு விமானச் செலவு என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இருந்தும் 1985 முதல் அமெரிக்க, கனடிய மாணவர்கள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குக் கணக்குப் படிக்கவென்றே போய் வருகிறார்கள்.

அவர்களை அழைத்துவரும் திட்டத்துக்கு வித்திட்டவர்கள் பால் எர்டோஷ், லாஸ்லோ லோவாஸ், வேரா ஷோஷ். மூவருமே ஹங்கேரி பெற்றெடுத்த பெரிய கணித மேதைகள். கம்யூனிஸ்ட் ஆட்சி நீடித்த காலத்திலேயே அமெரிக்க மாணவர்களை வரவழைத்துவிட்டார்கள். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். நடத்துபவர்கள் உள்ளூர்க் கணிதவியலாளர்கள்.

இங்கே புகழ்பெற்ற பாடம் 'ஊகமும் நிரூபணமும்'. அதை நடத்தியவர்களில் ஒருவர் மிக்லோஷ் லாட்ஸ்கோவிச். ஒரு வட்டத்தைத் துண்டு துண்டாக்கி, அதே பரப்புள்ள சதுரமாக அடுக்க முடியுமா என்று 1925-ல் டார்ஸ்கி என்ற கணிதவியலாளர் கேட்ட கேள்விக்கு, முடியும் என்று 1990-ல் நிரூபித்தவர் அவர். கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய துண்டுகள் அல்ல அவை. அப்படிப்பட்டவர், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று, ஒரு நிரூபணம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார்.

ஹங்கேரியில் நிரூபணம் தேடும் இந்தப் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கான 'கோமால்' என்ற கணக்கு இதழ் 1894-ல் தொடங்கியது. இதழில் வரும் புதிர்க் கணக்குகளுக்குப் பிள்ளைகள் விடை எழுதி அனுப்புவார்கள். நன்றாகச் செய்தவர்களின் பெயரும் படமும் அச்சில் வரும். எர்டோஷ் தலைமுறை வளர்ந்தது அந்தப் பக்கங்களில்தான். சூத்திரம் முதலில், கணக்கு பிறகு என்பது நம் வழக்கம். அங்கே கணக்கு முதலில் வந்து மண்டையைக் குடைகிறது. கோட்பாடு தேவைப்படும்போதுதான் வருகிறது. இந்தப் பழக்கம் ஊறிய ஆசிரியரின் எதிரே உட்கார்ந்தால்தான் அது நமக்கும் தொற்றும் என்று நான் நம்புகிறேன்.

புடாபெஸ்டின் நகரப் பூங்காவில், முக்காடு போட்ட 'அனோனிமஸ்' சிலை ஒன்று இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் எர்டோஷும் நண்பர்களும் அதன் பக்கத்தில் கூடிக் கணக்குப் பேசுவார்கள். பெரும்பாலும் யூதப் பிள்ளைகள். பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். அந்தக் கூட்டத்தில் எஸ்தர் க்ளைன் என்ற பெண் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார்.

தாளில் ஐந்து புள்ளிகள் வையுங்கள். எந்த மூன்றும் ஒரே கோட்டில் வரக் கூடாது. அவற்றில் ஏதோ நான்கைச் சேர்த்தால், எந்த முனையும் உட்குழியாத ஒரு நாற்கரம் கட்டாயம் கிடைக்கும் என்றார் எஸ்தர். புள்ளிகளை ஆணிகளாக நினைத்து, எல்லாவற்றையும் வளைத்து ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். அது நான்கு அல்லது ஐந்து ஆணிகளில் மாட்டி நின்றால் வேலை முடிந்தது. மூன்றில் மட்டும் நின்றால், ஒரு முக்கோணமும் அதற்குள் இரண்டு ஆணிகளும் இருக்கும். அந்த இரண்டின் வழியே ஒரு கோடு இழுங்கள். முக்கோணத்தின் முனைகளில் இரண்டு அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கமாக விழுந்தே தீரும். அந்த இரண்டையும் உள்ளே இருக்கும் இரண்டையும் சேருங்கள், நாற்கரம் வந்துவிடும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் ஐங்கோணம், அறுகோணம் என்று போனால் எத்தனை புள்ளிகள் வேண்டும்? எர்டோஷும் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் செகெரெஷும் இதில் மூழ்கி 1935-ல் கட்டுரை வெளியிட்டார்கள். செகெரெஷும் எஸ்தரும் 1937-ல் திருமணம் செய்துகொள்ள, எர்டோஷ் எஸ்தரின் கணக்குக்கு 'இன்பமாக முடிந்த கணக்கு' என்று பெயர் வைத்தார். தம்பதி ஷாங்காய் வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். 2005 ஆகஸ்ட் 28 அன்று, ஒரு மணி நேரத்துக்குள் இருவரும் அடிலெய்டில் காலமானார்கள்.

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே பட்டத்தையும் வேலையையும் சேர்த்தே யோசிக்கிறோம் நாம். ஓர் ஊர் எப்படிச் சிந்திக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு செமஸ்டர் போய்வரும் வாய்ப்பு நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அமைய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

எஸ்தரின் கணக்கு இன்னும் முடியவில்லை. ஐங்கோணத்துக்கு 9 புள்ளிகள் போதும். அறுகோணத்துக்கு 17 போதும் என்று காட்டிய கட்டுரை, கணினியின் துணையோடு 2006-ல் வெளியானது. அதை எழுதிய இருவரில் ஒருவர் மறைந்த செகெரெஷ். எழுகோணத்துக்கு 33 என்பது ஊகம். நிரூபித்தவர் இதுவரை யாருமில்லை.