மூன்று புலிக்கு எத்தனை ஆடு?

வலியவனையும் எளியவனையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டு, வெற்றி வாய்ப்பை மட்டும் இருவருக்கும் ஒன்றுபோல வைப்பது எப்படி? சதுரங்கம் இந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. இரு பக்கமும் அதே ராஜா, அதே குதிரை, அதே எட்டுச் சிப்பாய். ஆடுபுலி ஆட்டத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரு பக்கம் மூன்று புலி, மறுபக்கம் பதினைந்து ஆடு. புலி வெட்டும், ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. ஆனாலும் கை தேர்ந்தவர்கள் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டத் தயங்குவோம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதற்கான களம் வரைவது மிக எளிது. அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. சிமென்ட் ஆலைகளுக்கே அதுதான் தீனி. திண்ணையில் கோடு கிழிக்க ஒரு துண்டு போதும். புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. தமிழ்நாட்டின் பழைய கோயில் மண்டபங்களில் தரைக்கல்லிலேயே இந்தக் களத்தைச் செதுக்கி வைத்திருப்பதையும் பார்க்கலாம். இதே அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரனின் சின்னமும் புலிதான். அந்தப் புலியை ஆடுகள் சேர்ந்து அடைத்துப்போடும் ஆட்டத்தை அந்த மண்ணில் ஆடுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

களத்தை மனசுக்குள் வரைந்துகொள்ளுங்கள். உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடுகின்றன. இடையில் மூன்று படுக்கைக் கோடுகள் அவற்றை வெட்டிக்கொண்டு இரு பக்கமும் வெளியே நீள்கின்றன. நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு கோடும் வலப்பக்கம் ஒரு கோடும் மேலிருந்து கீழாக இணைக்கின்றன. இந்த இரு வெளிப்பக்கங்களையும் சிறகு என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் 1, படுக்கைக் கோடுகளில் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 புள்ளிகள்.

புலிகள் முதலிலேயே களத்தில் நிற்கும். உச்சியில் ஒன்று, அடுத்த கோட்டில் இரண்டு என்பது பல ஊர் வழக்கம். ஆடுகள் முறைக்கு ஒன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதல் முறையிலிருந்தே நகரலாம். பக்கத்தில் ஓர் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கு அப்பால் இடம் காலியாக இருந்தால் தாவி வெட்டலாம். இரண்டு ஆடு ஒட்டி நின்றால் தாவ முடியாது. எல்லாப் புலியும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

வலிமைக்கு என்ன விலை வைப்பது என்பது இன்றைய கணினி விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கும் தலைவலிதான். ஸ்வீடனின் இல்விண்டர் கேம் டிசைன் உருவாக்கும் ‘டொமினியன்ஸ்’ தொடரில் (ஆறாவது பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது) நாட்டின் தலைமைக் கடவுளை ஆட்டக்காரரே வடிவமைக்க வேண்டும். கையில் இருப்பது குறிப்பிட்ட அளவு புள்ளிகள். பயங்கரமான உருவம் வேண்டுமா, மந்திர ஆற்றல் வேண்டுமா, நாட்டில் விளைச்சலும் அதிர்ஷ்டமும் வேண்டுமா? எல்லாவற்றுக்கும் அதே பையிலிருந்துதான் செலவு. புள்ளி போதவில்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. கடவுள் தூக்கத்திலோ சிறையிலோ கிடப்பதாக வைத்துக்கொண்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும். ஆனால் அவர் எழுந்து வரும்வரை கடவுள் இல்லாமலே நாட்டைக் காப்பாற்ற வேண்டும். அங்கே வலிமைக்கு விலையாகக் காலம் போகிறது.

நம் புலி முதல் முறையிலிருந்தே விழித்திருக்கிறது, களத்தில் நிற்கிறது, சாவும் கிடையாது. அதன் விலையை யார் கொடுப்பது? பதினைந்து என்ற எண்தான் ஈடு என்று சொல்லத் தோன்றும். கோடுகளை எண்ணிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

நடுக்களத்தில் நிற்கும் ஒரு புலியைச் சுற்றி நான்கு கோடுகள். நான்கிலும் ஆடு நிறுத்தினால் மட்டும் அது அடைபடாது, தாண்டிப் போய்விடும். ஒவ்வோர் ஆட்டுக்குப் பின்னாலும் இன்னோர் ஆடு வேண்டும். ஆக ஒற்றைப் புலிக்கு எட்டு ஆடு. அதே புலி சிறகின் மூலையில் நின்றால் இரண்டே கோடுகள். நான்கு ஆடு போதும். பலம் புலியின் உடம்பில் இல்லை, காலடியில் இருக்கும் கோடுகளில் இருக்கிறது.

இனி ஆட்டின் பக்கம் வருவோம். ஓர் ஆடு வெட்டுப்பட வேண்டுமானால் அது நிற்கும் புள்ளி ஏதாவதொரு நேர்கோட்டின் நடுவில் இருக்க வேண்டும்: இந்தப் பக்கம் புலி, அந்தப் பக்கம் காலியிடம். எந்தக் கோட்டுக்கும் நடுவில் வராத புள்ளிகள் இந்தக் களத்தில் ஏழு. உச்சி, சிறகுகளின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். அங்கே நிற்கும் ஆட்டை எத்தனை புலி சூழ்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. விவரம் தெரிந்தவர்கள் முதல் ஆடுகளை ஓரத்தில் இறக்குவதன் கணக்கு இதுதான். எந்த ஓரம் புலியைச் சிறைப்படுத்துமோ அதே ஓரம் ஆட்டுக்கு அரண். இரண்டையும் ஒரே கோடுகளால் செய்து முடித்தது யாரோ தெரியாத அந்த ஆதி வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம்.

அரண் அந்த ஏழோடு நிற்பதில்லை. சிறகின் இரு மூலையிலும் ஆடு நின்றால் நடுப்புள்ளியில் இறங்கும் ஆடும் பத்திரம். அடிக்கோட்டு முனைகளில் ஆடு நின்றால் அதன் நடுப்புள்ளிகள் இரண்டும் பத்திரம். இப்படியே சிறகுகளில் ஆறு, அடிக்கோட்டில் நான்கு. அடுத்து மூன்றாவது படுக்கைக் கோட்டில், இரு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி நான்கு. கடைசி ஆடு இரண்டாவது கோட்டில், சிறகை ஒட்டி. புலி மட்டும் குறுக்கே வராமல் இருந்தால், பதினைந்து ஆட்டையும் ஒன்றுகூட வெட்டுப்படாமல் இறக்கிவிடலாம். மிஞ்சுவது எட்டே புள்ளி, அதில் மூன்று புலி.

அதனால்தான் புலிக்காரர் சும்மா இருக்க முடியாது. மேலே நடுவில் உலவினால் பலமாக உணரலாம், கீழே சுவர் எழுந்துகொண்டிருக்கும். சுவரைத் தடுக்க ஓரத்துக்கு வந்தால் கோடுகள் குறையும். மூன்று புலியும் ஒரே சிறகின் மூன்று புள்ளிகளில் போய் உட்கார்ந்துவிட்டன என்று வையுங்கள். உள்பக்கம் இரண்டிரண்டாக ஆறே ஆடு நிறுத்தினால் மூன்றும் அடைபட்டுவிடும். ஒன்பது ஆட்டைப் பறிகொடுத்த பிறகும் ஏட்டளவில் ஆட்டுக்காரருக்கு உயிர் இருக்கிறது! இத்தனை வெட்டினால் புலிக்கு வெற்றி என்று ஊர்கள் ஒரு வரம்பு வைப்பதில் நியாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் ஆட்டம் பொழுது சாய்ந்தும் முடியாது.

ஆட்டுக்காரருக்கு உண்மையான சோதனை பதினைந்தாவது ஆடு இறங்கிய பிறகுதான். இறக்கும்வரை அவர் நினைத்த புள்ளியில் புது ஆட்டை வைக்கலாம். நின்ற ஆடு நின்றபடி இருக்கும். இறக்கி முடித்ததும் நகர்த்தியே ஆக வேண்டும். முன்னேறும் ஆடு தன் முதுகுப்பக்கத்தைத் தானே காலி செய்கிறது. எதிரே அதே கோட்டில் புலி நின்றால் தாவி இறங்க அந்த இடம் போதும். பதினைந்து என்பது வெறும் ஆட்டுக் கணக்கு அல்ல, நகராமல் இருக்கக் கிடைத்த பதினைந்து முறைகளும்கூட. ஸ்வீடன்காரர்களின் தூங்கும் கடவுளில் பார்த்த காலக் கணக்கு இங்கே ஆட்டின் பக்கம் வரவாக நிற்கிறது.

எண்ணைத் திருத்தித் திருத்தித்தான் இத்தகைய ஆட்டங்கள் உருப்பட்டன. ஐரோப்பாவின் நரி-வாத்து ஆட்டத்தில் ஆதியில் 13 வாத்து. பின்னாளில் 15, 17 என்று வாத்துகள் பெருகின. நேபாளத்தின் ‘பாக் சால்’ 25 புள்ளிகள் கொண்ட சதுரத்தில் நான்கு புலியும் இருபது ஆடும் வைத்து ஆடுவது; ஐந்து ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் இருவரும் அதைக் கணினியில் ஏற்றி முழுவதும் அலசினார்கள். ஆட்டம் முடிந்துவிட்ட நிலைகளில் தொடங்கி, அந்த நிலைக்கு எங்கிருந்து வந்திருக்க முடியும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறை. ஆடுகள் எல்லாம் இறங்கிய பிறகான நிலைகள் மட்டும் 8,82,60,972. ஆடுகளை இறக்கும் கட்டத்தில் இருதரப்பும் சேர்ந்து 39 முறை. அதில் கிளைக்கும் வழிகள் 1-க்குப் பின் 41 சுழியம் போடும் அளவு. 2009-இல் வெளியான அவர்களின் முடிவு: இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை.

நம் களத்துக்கும் அந்தக் கணக்கைப் போடலாம். 23 புள்ளிகளில் மூன்று புலி நிற்கும் வகைகள் 1,771. மிச்சம் இருபதில் பதினைந்து ஆடு நிற்கும் வகைகள் 15,504. பெருக்கினால் 2,74,57,584. ஆறு ஆடு வெட்டுப்பட்டால் ஆட்டம் முடிவு என்று வைத்துக்கொண்டு, ஐந்து வெட்டுவரையான நிலைகளையும் சேர்த்தால் சுமார் 108 கோடி. அடுத்த முறை யாருடையது என்பதால் இது இரட்டிக்கும். களத்தின் இடதும் வலதும் ஒன்றே என்பதால் பாதியாகும். பழையபடி 108 கோடிதான். புள்ளிகள் இரண்டு குறைவாக இருந்தும் நேபாளத்து எண்ணைவிடப் பன்னிரண்டு மடங்கு. அவர்கள் சதுரத்தை எட்டு விதமாகத் திருப்பியும் புரட்டியும் ஒன்றாகக் கொள்ளலாம், நம் கூம்பை இரண்டு விதமாகத்தான். வெட்டு வரம்பும் இங்கே ஒன்று கூடுதல்.

வெற்றி, தோல்வி, சமன் என்று ஒரு நிலைக்கு இரண்டு பிட் போதும். மொத்தம் 270 மெகாபைட். கைப்பேசியில் பதிவிறக்கும் ஒரு சினிமாவைவிடச் சிறிய கோப்பு. பெரம்பலூரில் கணினி படிக்கும் ஒரு மாணவி தன் மடிக்கணினியிலேயே நகர்வுக் கட்டத்துக்கு இதை ஓட்டிவிடலாம். ஆடு பதினான்கானால், பதினாறானால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்க்கலாம். நானாக இருந்தால் எண்ணைத் தொட மாட்டேன். இரு சிறகுகளையும் அழித்துவிட்டு முதலில் ஓட்டுவேன்.