லயத்து முதுமை – 9: கப்பல் சீட்டும் சேமநிதியும்

வேலையை விட்டு நிற்கும் தொழிலாளி லயத்து வீட்டையும் காலி செய்ய நேர்வது சென்ற வாரம் சொல்லப்பட்டது. மீண்டும் விரிக்கத் தேவையில்லை. இவ்வாரத்துக்குரியது ஊழியர் சேமநிதியே எனினும், அதற்கு முன்பிருந்த நிதியொன்றைப் பேசாமல் அதற்குள் நுழைய இயலாது.

1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்ற பெயரில் அது தொடங்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் தமிழ்த் தொழிலாளர் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு, அதற்கேற்ற தொகையைக் கட்டாயமாகச் செலுத்தினர். ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் செலவு அதிலிருந்தே கொடுக்கப்பட்டது. உழைக்க முடியாமற்போன முதியோரையும் நோயாளிகளையும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் அதே நிதி ஏற்றது என்பதுதான் இங்கு முதன்மையானது. எந்தத் தோட்டத்தில் உழைத்தவராயினும் அவருடைய முதுமைச் செலவில் ஒரு பங்கை முதலாளிகள் அனைவரும் சேர்ந்து சுமந்தனர் என்பதால், இன்று காப்புறுதி எனப்படும் ஏற்பாட்டின் சாயல் அதில் தெரிகிறது. ஆனால் அந்தக் காப்பு பெரும்பாலும் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ ஒரு கப்பல் சீட்டாகவே கைக்கு வந்தது. கெமாஸ் வட்டாரத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி முதிர்ந்தவருக்குத் திரும்பிப் போக எந்த ஊர் இருந்தது? 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி எனப் பெயர் மாறிய அது, 1999இல் சட்டத்தின் வழியே கலைக்கப்பட்டு, எஞ்சிய சொத்து அரசிடம் சேர்ந்தது. தமிழரின் வேலைநாட்களை எண்ணித் திரட்டிய பணம் தோட்டத்து முதியோருக்கென்றே நிலைத்திருக்க வேண்டும்.

1951 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஊழியர் சேமநிதி வேறு வகையானது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் சந்தா தனிமனிதர் கணக்கில் சேர்ந்து, 55 வயதில் முழுவதும் எடுக்கக்கூடிய தொகையாகிறது. அதை எடுத்தபின் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அதற்கு மேல் ஒரு காசு வராது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்துக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் சுமார் 408 ரிங்கிட். 30 ஆண்டு இடைவிடாது கட்டினாலும், இலாப ஈவு நீங்கலாக, 1,47,000 ரிங்கிட்டை எட்டாது. சேமநிதி வாரியம் முன்பு அடிப்படைச் சேமிப்பாக வைத்திருந்த இலக்கோ, மாதம் 1,000 வீதம் 20 ஆண்டுக்கான 2,40,000. நாட்கூலிக் காலத்தில் விடியற்காலை மழையில் மரம் நனைந்துவிட்டால் வெட்டு நின்றது, கூலி குறைந்தது, அதனோடு சந்தாவும் குறைந்தது. முதுமைக்கான பணம் மங்கில் சொட்டிய பாலோடு கட்டுண்டிருந்தது.

இதே கெமாஸ் ஒரு ரயில் சந்திப்பு. 1992இல் நிறுவனமாக மாற்றப்படும் வரை ரயில்வே அரசுத் துறையாக இருந்ததால், அங்கு நிரந்தரப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழருக்கு மாத ஓய்வூதியமும், அவருக்குப் பின் அவர் மனைவிக்கு அதன் தொடர்ச்சியும் கிடைத்தன. சில கல் தொலைவில் அதே வயதில் கத்தியைக் கீழே வைத்த தமிழருக்குக் கிடைத்தது ஒரே ஒரு காசோலை. லயத்தை விட்டு வெளியேற வேண்டிய அதே தறுவாயில் வந்த அந்தக் காசோலை, வீட்டு முன்பணம், மகளின் திருமணம், பழைய கடன் என எவ்வழிகளில் கரைந்தது என்பதே இவ்வாரத்துக்கென வைத்திருந்த பகுதி. அது அடுத்த வாரம் இடம்பெறும்.