கிழிந்த ஜவ்வு ஒட்டுவது எப்படி?

காஞ்சிபுரத்துக் குழித்தறியில் கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதிபலகையை மாறிமாறி அழுத்தும் நெசவாளியின் முழங்காலுக்குள், தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே, பிறைவடிவான இரண்டு ஜவ்வுகள் தேகபாரத்தைத் தாங்குகின்றன. பிறக்கும்போது அவை முழுவதும் பரவியிருந்த ரத்த நாளங்கள், ஏறக்குறைய 10 வயதுக்குள் வெளிவிளிம்போடு ஒதுங்கிவிடுகின்றன. ஆகவே, விளையாட்டில் முழங்கால் திருகி, அவ்விளிம்போரம் ஜவ்வு கிழிந்த இளைஞனுக்கு, சிறு துளை வழியே இடும் தையல், ரத்த சஞ்சாரம் காயத்தை ஆற்றும்வரை ஓரங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஜவ்வைத் தைக்கும் சிகிச்சையை 1883-இல் எடின்பரோவில், மூட்டைத் திறந்தே, தொடங்கிவைத்தவர் தாமஸ் அன்னாண்டேல். முதியவரின் தேய்ந்த ஜவ்வோ, இற்றுப்போன பட்டைப் போல, ஊசி பட்ட இடத்திலேயே விட்டுவிடக்கூடும். அவருக்குத் தொடைத்தசையை வலுவாக்கும் அப்பியாசமே முதற்சிகிச்சையாவது நியாயம். ஆயினும் வயதொன்றையே பார்த்துத் தையலை மறுப்பது தகாது. திசு திடமாயிருந்து, கிழிசல் விளிம்பில் நேர்ந்திருந்தால், 50-ஐக் கடந்தவருக்கும் அது பலிப்பதுண்டு.